கீழ்வீட்டுப் பெட்டிகள்

கணவன் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான். வேலைப்பையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போதும் சிரிப்பு அடங்கவில்லை.

"நம்ம டிரைவர் மாமாவுக்கு மரை கழண்டு போச்சு."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"என்ன ஆச்சு?"

"ஊர்ல இருந்து மக வந்திருக்கு, லீவுக்கு. உள் ரூம்ல படுக்கலாம்னு கதவைத் திறந்தா கால் வைக்க இடமில்ல. பூரா பார்சல். சுவரோட சுவரா அடுக்கி வெச்சிருக்கார். எல்லாம் அவர் பேருக்கு வந்தது. ஒண்ணுகூடப் பிரிக்கல. அந்தப் பொண்ணு ரெண்டைப் பிரிச்சுப் பாத்திருக்கு. ஒண்ணுல முடி சுருட்டுற மெஷின். அவர் மண்டையில என்ன இருக்கு சுருட்டறதுக்கு?"

"இன்னொண்ணுல?" கேட்கக் கூடாது என்று நினைப்பதற்குள் கேட்டுவிட்டாள்.

"க்ரீம். கண்ணுக்குக் கீழ தடவுறதாம். வயசு தெரியாம இருக்க."

அவன் மறுபடி சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று சிரித்தாள்.

"அவர் என்ன சொல்றார்?"

"ஒண்ணும் சொல்லல. 'அது பாட்டுக்கு இருக்கட்டும், கை வைக்காதே'ங்கறார். அந்தப் பொண்ணு அழுவுது." அவன் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது. "பாவம் மனுஷன். பஸ்ஸை ஒரு இடத்துலயும் இடிச்சதில்ல. நீ போய் ஒரு வார்த்தை பேசிட்டு வாயேன். உன்னைத்தான் கேட்டுச்சு."

அவள் கடைசித் துண்டை மடித்து, அடுக்கின்மேல் வைத்து, அது சரியில்லாதது போல் மறுபடி பிரித்தாள்.

பெட்டிகள் எல்லாம் அவளுடையவை.

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ளவர்களை எல்லாம் மேலே ஏற்றி இறக்கிவிட்டு, தன் வீட்டுக்கு மூன்று மாடி மூச்சு வாங்க ஏறி வருகிறவன். தரைத்தளத்தில் டிரைவர் மாமா. மனைவி இறந்தபின் தனியாக இருக்கிறார். வாசல் கதவை ஒட்டிய வீடு என்பதால், யாருக்கு என்ன வந்தாலும் முதலில் அவர் மணிதான் அடிக்கும். அவர் எழுந்து வருவார். வாங்கி வைப்பார். கொண்டுவந்தவனிடம் எந்த வழியாக வந்தாய், எங்கே நெரிசல் என்று விசாரித்துவிட்டுத்தான் விடுவார்.

அவளுக்கு வேலை மூக்குக் கண்ணாடிக் கடையில். முன்பக்கம் கண்ணாடிகள் மின்னும். பின்பக்கச் சின்ன அறையில் அவளும் மெஷினும். ஃபிரேமின் அளவைக் கொடுத்துவிட்டால் மெஷின் லென்ஸைச் சுற்றிச் சுற்றித் தேய்த்து வெட்டும். அதுவரை கையில் வேலை இருக்காது. விடுமுறைக்கு முன்னால் எல்லோருக்கும் புதுக் கண்ணாடி வேண்டும். எல்லோருக்கும் நாளைக்கே வேண்டும். முதலாளி எட்டிப் பார்த்து, "இன்னுமா?" என்பார். மெஷின் ஓடும் நேரத்தில் அவள் போனை எடுப்பாள்.

போன வருஷக் கடைசியில் கணவனின் அண்ணன் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். ஒவ்வொரு விடுமுறைக்கும் அங்கேதான். சாப்பாடு முடிந்து வட்டமாக உட்கார்ந்து, கொண்டுவந்ததை எல்லோர் முன்னாலும் பிரிப்பது வழக்கம். அவள் ஓரகத்திக்குக் காபிக் கோப்பைகள் வாங்கிப் போயிருந்தாள். ஓரகத்தி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "ரொம்ப அழகா இருக்கும்மா. பேனா போட்டு வெச்சுக்கலாம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னது மாதிரியும் இல்லை. அதனால்தான் ஒரு வருஷமாகியும் போகவில்லை.

இந்த வருஷம் கணவன் முன்கூட்டியே சொல்லிவிட்டான். "ஆளுக்கு ஒண்ணு. அதுக்கு மேல வேண்டாம். லிஃப்ட்ல மாட்டிக்கிட்டு நிக்கறவங்களை நான் தினம் பாக்கறேன். கை நிறைய பை, மூஞ்சியில உயிர் இல்ல." அவளும் சரி என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

முதல் பெட்டி ஓரகத்திக்காக வாங்கியது. அது பேனா போட முடியாத பொருள். பிறகு அது மட்டும் போதாது என்று தோன்றியது. பிறகு ஓரகத்தியின் மகளுக்கு. பிறகு, அந்தப் பெண்ணுக்கு வாங்கிவிட்டு நம் பெண்ணுக்கு வாங்காமல் எப்படி? பிறகு யாருக்கென்று இல்லை. முதலாளி "இன்னுமா?" என்று கேட்டுவிட்டுப் போனதும் விரல் தானாகப் போனில் ஓடும். வாங்கு என்ற இடத்தில் தொட்டதும் நெஞ்சில் ஒன்று தளரும், இறுக்கிய செருப்பு வாரை அவிழ்த்தது போல. மெஷின் நிற்கும்வரை அந்த நிம்மதி இருக்கும்.

கணவனுக்கு ஷிப்ட் வேலை. சில நாள் பகலில் வீட்டில் இருப்பான். பெட்டிக்காரன் மூன்று மாடி ஏறி வந்து அவன் கையில் கொடுத்துவிட்டால்? அதனால் டிரைவர் மாமாவின் வீட்டு எண்ணைப் போட்டாள். மாடிப்படி அடியில் வைத்துவிட்டுப் போனால் பெயர் தெரியுமே என்று பெயரையும் அவருடையதாகப் போட்டாள்.

அவரிடம் ஒரு வார்த்தைதான் சொன்னாள். "சர்ப்ரைஸ் மாமா. வீட்ல இவருக்குத் தெரியக் கூடாது."

டிரைவர் மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அடேயப்பா. யார் கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டேன் போ."

பெட்டிகள் வந்தன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தன. பிறகு நாள் தவறாமல் வந்தன. மேலே கொண்டுபோய் வைக்க இடமில்லை. அதைவிட, கொண்டுபோக ஆசையும் இல்லை. வேலை முடிந்து வரும்போது அவர் கதவு திறந்திருந்தால் தலையைக் குனிந்துகொண்டு படியேறுவாள். அவர் பின்னாலிருந்து, "இன்னிக்கும் ஒண்ணு வந்திருக்கு. கனமா இருக்கு" என்று ரகசியம் பேசுவது போல் சொல்வார். அது மாடிவரை கேட்கும்.

அவள் கீழே இறங்கினாள்.

மகள் கதவைத் திறந்தாள். வெளியூரில் டீச்சர். அழுது முகம் வீங்கியிருந்தது. "வாங்க அக்கா" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய் அந்த அறையைக் காட்டினாள்.

அவளே அதை முழுதாகப் பார்த்ததில்லை. ஜன்னலின் பாதிவரை பெட்டிகள். கட்டில்மேல் பெட்டிகள். டிரைவர் மாமா அவற்றைச் சும்மா போட்டுவைக்கவில்லை. பெரியது அடியில், சின்னது மேலே, உடையும் என்று குறியிட்டவை தனியாகச் சுவரோரம். நடுவில் ஒரு ஆள் போய்வரும் அளவுக்கு வழி விட்டிருந்தார். பஸ்ஸில் சாமான் ஏற்றிப் பழகியவர்.

"அப்பா இப்படி இல்ல அக்கா. செருப்பு அறுந்தாகூட தைச்சுப் போடுற ஆள். கேட்டா பதில் இல்ல. சிரிக்கிறார். அதான் எனக்குப் பயமா இருக்கு." குரலைத் தாழ்த்தினாள். "போன மாசம் அடுப்பை அணைக்காம வெளிய போயிட்டார்னு எதிர் வீட்ல சொன்னாங்க. நீங்க தினம் பாக்கறீங்க. சொல்லுங்க, எப்ப இருந்து இப்படி?"

இதோ சொல்லிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. வாய்வரை வந்தது. 'அதெல்லாம் என்னுது.' அவ்வளவுதான். ஆனால் சொன்னால் அது படியேறி மேலே போகும். மேலே இப்போது அவன் காலை நீட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருப்பான்.

"கொஞ்ச நாளாவே" என்றாள்.

சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

மகள் தலையாட்டினாள். எதிர்பார்த்துப் பயந்திருந்ததைக் கேட்டுவிட்டவள் போல, கொஞ்சம் நிதானமாகவே ஆட்டினாள். "நானும் அதான் நினைச்சேன். நாளன்னிக்கு ஞாபக மறதிக்குப் பாக்கற டாக்டர்கிட்ட காட்டறேன். எங்க ஊர்ல ஒரு இல்லம் இருக்கு, வயசானவங்களைப் பாத்துக்கறது. இடம் காலியா இருக்காம். இந்த வீட்டை விட்டுடலாம்."

டிரைவர் மாமா முன்னறையில் நாற்காலியில் இருந்தார். மகள் உள்ளே போனதும் அவளைக் கையசைத்துக் கூப்பிட்டார். கண்ணைச் சிமிட்டினார்.

"கவலைப்படாதே. என்னை வெட்டிப் போட்டாலும் சொல்ல மாட்டேன். இன்னும் ஒரு வாரம்தானே?"

"மாமா, உங்க பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடுங்க."

"அவகிட்டயா? சின்னதுல இருந்தே அவ வாயில எதுவும் நிக்காது. நேரா உன் வீட்டுக்காரன்கிட்ட போய் ஒப்பிச்சுட்டுத்தான் மறுவேலை பாப்பா. நீ போ."

அவள் போனாள். படியில் ஒவ்வொரு மாடியிலும் நின்றாள். திரும்பி இறங்கத்தான் நின்றாள். இறங்கவில்லை.

மறுநாள் கடையில் ஒருவருடைய இடது கண்ணுக்கான லென்ஸை வலது பக்கத்துக்கு வெட்டிவிட்டாள். இத்தனை வருஷத்தில் நடக்காதது. முதலாளி அதை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். "இதைப் போட்டுக்கிட்டு ரோட்டைத் தாண்டினா அவர் நேரா மேல போய்ச் சேருவார். உடம்பு சரியில்லையா?"

"இல்ல சார், நல்லாத்தான் இருக்கேன்."

புது லென்ஸை வைத்து மெஷினை ஓட்டினாள். அது சுற்றத் தொடங்கியதும் கை போனுக்குப் போனது. என்ன செய்கிறோம் என்று உறைப்பதற்குள் ஒரு சால்வையின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கிவாரிப் போட்டது. போனை இழுப்பறையில் போட்டு மூடினாள். மெஷின் நிற்கும்வரை இழுப்பறையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அன்று மாலை சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு வந்தாள். கணவன் அவளுக்கு முன்னால் வந்து சமைத்து வைத்திருந்தான். தங்கள் பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தான். பின்னல் ஒரு பக்கமாகப் போயிருந்தது.

"நாளைக்கு அரை நாள் லீவு சொல்லிட்டேன்" என்றான். "மாமாவை டாக்டர்கிட்ட நான் வண்டியில கூட்டிட்டுப் போறேன். நீயும் வா. தினம் பாக்கறவங்க யாராவது கூட வந்தா நல்லதுன்னு சொன்னாங்களாம்."

"இந்த நேரத்துலயா லீவு? உங்களுக்கு இப்பதானே வேலை அதிகம்?"

"மாட்டிக்கிட்டவங்க கொஞ்ச நேரம் நிக்கட்டும். என்ன ஓடியா போயிடுவாங்க?" பின்னலுக்கு ரிப்பன் கட்டினான். பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவனாக, "உனக்கு நான் வாங்கிட்டேன். ஒண்ணே ஒண்ணு. என்னன்னு கேக்காதே" என்றான்.

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "உப்பு போதலையா?" என்று கேட்டான். "எல்லாம் சரியா இருக்கு" என்றாள்.

டாக்டரின் அறை சின்னது. சுவரில் மூளையின் படம். டிரைவர் மாமா தேய்த்த சட்டை போட்டு, தலையை வாரி, மேஜைக்கு முன் உட்கார்ந்தார். பக்கத்தில் மகள். அவளுக்கு ஒரு ஸ்டூல். கணவன் கதவோரம் சாய்ந்து நின்றான். டாக்டர் அம்மா இளவயது, பேச்சில் அவசரமில்லை.

"இன்னிக்கு என்ன கிழமை ஐயா?"

சொன்னார்.

"ஒரு கடிகாரம் வரையுங்க."

வரைந்தார். முள்ளும் போட்டார். "டிப்போவுல இருந்து முதல் வண்டி எடுக்கற நேரம்" என்று விளக்கமும் சொன்னார். டாக்டர் புன்னகைத்தாள். மூன்று சொற்களைச் சொல்லி, வேறு ஏதேதோ பேசிவிட்டு, திரும்பக் கேட்டாள். மூன்றையும் சொன்னார். மகளின் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஸ்டூலில் இருந்தவளுக்கும் மூச்சு வந்தது. எல்லாம் தானாகவே சரியாகிவிடும்போலிருக்கிறது. தான் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. அப்படி நினைத்தது அவளுக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் நினைத்தாள்.

"அடுப்பை அணைக்காம வெளிய போனீங்களாமே?"

"மணி அடிச்சது. போனேன். பேசிக்கிட்டே நின்னுட்டேன்."

யார் மணி அடித்திருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"சரி. வீட்ல நிறைய சாமான் வாங்கி வெச்சிருக்கீங்களாம். யாருக்கு?"

டிரைவர் மாமா நாற்காலியில் திரும்பினார். கதவோரம் நின்ற கணவனை ஓரக்கண்ணால் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

"அதை இப்ப சொல்ல முடியாது."

"ஏன்?"

"சொன்னா கெட்டுப் போயிடும்."

"எது கெட்டுப் போயிடும் ஐயா? சாப்பிடற பொருளா?"

"இல்ல, இல்ல. விஷயம் கெட்டுப் போயிடும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வாரம் பொறுங்க. எல்லாருக்கும் தானா தெரியும்."

டாக்டர் எழுதினாள். பேனா தாளில் ஓடும் ஓசை நீண்டுகொண்டே போனது. மகள் கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டாள்.

"இந்த மாதிரி, மத்தவங்களுக்குத் தெரியாத ஒண்ணு உங்களுக்கு மட்டும் தெரியும்னு அடிக்கடி தோணுமா?" டாக்டர் கனிவாகவே கேட்டாள்.

"தோணுறது என்ன, தெரியும்" என்றார் டிரைவர் மாமா, சந்தோஷமாக.

"டாக்டர்" என்றாள் அவள். ஸ்டூலில் இருந்து எழுந்துவிட்டிருந்தாள். "அதெல்லாம் என்னுது."

முதலில் பேசியது டிரைவர் மாமாதான்.

"ஏம்மா, சும்மா இரேன். அவர் நிக்கிறார் பாரு."

"நான்தான் வாங்கினேன். மாமா பேரைப் போட்டு வாங்கினேன். சர்ப்ரைஸ்னு சொல்லி வெச்சேன். அவர் எனக்காகத்தான் வாயைத் திறக்கல."

கணவன் சாய்ந்திருந்த இடத்திலிருந்து நிமிர்ந்தான். முகத்தில் அன்பு இருந்தது. "டாக்டர், இவளுக்கு மாமான்னா ரொம்பப் பிரியம். அவரை இல்லத்துல விடப் போறாங்கன்னு கேட்டதுல இருந்து சாப்பாடே சரியில்ல. அதான்."

"புரியுது" என்றாள் டாக்டர். மகள் எட்டி அவள் கையைத் தொட்டாள். "எனக்காக இப்படியெல்லாம் சொல்லாதீங்க அக்கா."

அவளை யாரும் நம்பவில்லை. நல்லவள் என்பதால் நம்பவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டால் போதும் என்பது அவளுக்குத் தெரிந்தது. நல்லவளாகவே வீட்டுக்குப் போகலாம்.

"பெட்டிக்குள்ள என்னென்ன இருக்குன்னு சொல்றேன்" என்றாள். "முடி சுருட்டுற மெஷின். க்ரீம். நம்ம பொண்ணுக்கு ஸ்கேட்டிங் ஷூ. உங்க அண்ணிக்கு ஒரு கண்ணாடி விளக்கு. ஒரு மெத்தை விரிப்பு. அப்புறம்..."

நின்றாள். அப்புறம் என்ன? அறை முழுக்க பெட்டி இருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக அவை கண்ணுக்குத் தெரிந்தன. உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

"ஞாபகம் வரல" என்றாள்.

டிரைவர் மாமா தொண்டையைச் செருமினார். "டாக்டரம்மா, இந்தப் பொண்ணையும் கடிகாரம் வரையச் சொல்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவள் போனைத் திறந்து கணவனிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். கட்டைவிரலால் மேலே தள்ளினான். எத்தனை கழுவினாலும் போகாத கிரீஸ் கறை அந்த விரலின் கோடுகளில் இருந்தது. மறுபடி தள்ளினான். மறுபடி. விரல் நிற்க நேரமாயிற்று. பிறகு போனை அணைத்து, அவளிடம் கொடுக்காமல், மேஜையின் விளிம்பில் மெல்ல வைத்தான்.

"நான் வண்டியை எடுத்துட்டு வர்றேன்" என்று வெளியே போனான்.

மகள் அவள் கையிலிருந்து தன் கையை எடுத்துவிட்டிருந்தாள். எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை.

"கொஞ்ச நாளாவேன்னு சொன்னீங்களே" என்றாள்.

"சொன்னேன்."

"நீங்க அப்படிச் சொன்னதும் நான் ராத்திரியே வீட்டு ஓனருக்கு போன் போட்டுட்டேன். காலி பண்றோம்னு சொல்லிட்டேன். அவரும் சரின்னுட்டார்."

டிரைவர் மாமாவுக்கு இது புதிது. அவர் மகளைப் பார்த்தார். பிறகு தான் வரைந்த கடிகாரத்தைப் பார்த்தார். "என் வீட்டையா?" என்று மட்டும் கேட்டார்.

வண்டியில் திரும்பினார்கள். கடைத் தெருவில் விளக்குகள் பகலிலேயே எரிந்துகொண்டிருந்தன. பைகளோடு ஆட்கள் குறுக்கே போனார்கள். கணவன் ஒவ்வொருவருக்கும் நிறுத்தி வழிவிட்டான். பின்சீட்டில் மகள் வீட்டு உரிமையாளரின் எண்ணைத் திரும்பத் திரும்ப அழைத்தாள். அவர் எடுக்கவில்லை. விடுமுறை முடிந்து தொடர்புகொள்ளவும் என்று பதிவு செய்த ஒரு குரல் சொன்னது. அது வண்டிக்குள் எல்லோருக்கும் கேட்டது.

"விடு" என்றார் டிரைவர் மாமா. "லீவு முடிஞ்சு கேட்டுக்கலாம்."

"அதுக்குள்ள வேற யாருக்காவது குடுத்துட்டா?"

அவர் முன்சீட்டில் உட்கார்ந்து, சாலையைப் பார்த்துக்கொண்டு, கணவன் பிரேக் போடும் போதெல்லாம் தன் வலது காலையும் லேசாக அழுத்திக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கணவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளறைக்குள் போனான். முதல் பெட்டியைத் தூக்கினான். எங்கே, எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அவளும் ஒன்றைத் தூக்கினாள்.

டிரைவர் மாமா கதவருகே நாற்காலியைப் போட்டு வழியை மறித்து உட்கார்ந்தார்.

"நில்லு. நான் ஒவ்வொண்ணுக்கும் கையெழுத்து போட்டு வாங்கினேன். அந்தச் சின்ன ஸ்கிரீன்ல, விரலால. நீயும் போட்டுட்டு எடுத்துட்டுப் போ."

உள்ளங்கையை நீட்டினார். விளையாட்டா நிஜமா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. பெட்டியை இடுப்பில் தாங்கிக்கொண்டு அவருடைய உள்ளங்கையில் விரலால் தன் கையெழுத்தைப் போட்டாள். கை சுரசுரப்பாக, காய்ந்து இருந்தது. காலை விலக்கி வழி விட்டார்.

மூன்று மாடி. முதல் மாடியில் கதவு திறந்து பார்த்தார்கள். "லீவுக்கு ஒரே அமர்க்களம்போல" என்றார்கள். அவள் சிரிக்க முயன்றாள். இறங்கினாள். அடுத்த பெட்டி. உள்ளங்கை. கையெழுத்து. படி. கணவன் எதிரே இறங்கி வரும்போது சுவரோடு ஒட்டி வழி விட்டான், முன்பின் தெரியாதவர்களுக்கு விடுவது போல.

வெயில் இறங்கும் நேரத்தில் அவன் இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான். மூச்சு வாங்கியது. அவளும் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள்.

"எதுக்கு?" என்றான்.

கோப்பை, பேனா, ஓரகத்தி என்று தொடங்கலாம். தொடங்கினால் அது யாரோ செய்தது போல் ஆகிவிடும்.

"வாங்கும்போது நல்லா இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் அது கீழ இருந்துச்சு."

அவன் அதை யோசித்தான். "அவரைப் பாத்து நான் சிரிச்சேன். நீயும் சேர்ந்து சிரிச்ச" என்றான். எழுந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே போனான்.

கடைசியாக ஒரு பெட்டி இருந்தது. சின்னதுதான். அறையில் கட்டில் வெளிப்பட்டிருந்தது. மகள் அதில் புது விரிப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் வந்ததும் முதுகைத் திருப்பிக்கொண்டு தலையணைக்கு உறை மாட்டினாள்.

டிரைவர் மாமா அந்தப் பெட்டியைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மேலே ஒட்டியிருந்த தன் பெயரைப் படித்தார். இனிஷியலோடு சத்தமாகப் படித்தார்.

"எல்லாத்துலயும் என் பேரு. கல்யாணப் பத்திரிகைக்கு அப்புறம் என் பேரை இத்தனை தடவை யாரும் அச்சடிச்சதில்ல. இதுல எனக்குன்னு எது?"

அவள் அப்படியே நின்றாள். ஓரகத்திக்கு இருந்தது. ஓரகத்தியின் மகளுக்கு இருந்தது. முதலாளியின் மனைவிக்குக்கூட ஒன்று இருந்ததாக ஞாபகம். மனதுக்குள் மூன்று மாடியும் ஏறிப் போய் ஒவ்வொன்றாகத் தேடிவிட்டு வந்தாள்.

"மாமா..."

"சும்மா கேட்டேன்" என்றார். பெட்டியை நீட்டினார். மறு கையை விரித்தார். "போடு."

அவள் போட்டாள்.